பாக்கியம் கங்காணியின் கீழ்ப் பல் செட்

இம்பிளாண்ட் வைத்தியம் பழகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, என்னைப் பேசக் கூப்பிடும்போதெல்லாம் நன்றாக வந்த கேஸ்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அந்த மாதிரிப் படங்கள் உங்கள் போனிலேயே நிறைய இருக்கின்றன. இன்றைக்கு நான் கெடுத்த ஒரு கேஸைச் சொல்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அதுதான்.

ஹட்டனில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னப் பல் வைத்தியசாலையை வைத்திருந்தேன். முன்னால் ஒரு நீளப் பெஞ்சு, உள்ளே ஒரு நாற்காலி, பின்னால் ஒரு பால்கனி. பால்கனிக்குக் கீழே ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் தேயிலை மலை. நான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். தோட்டத்து ஆட்களின் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. என் வாயும் கொஞ்சம் பொல்லாதது. வெற்றிலை போட்டுக்கொண்டு என் படியேறியவர்கள் யாரும் திட்டு வாங்காமல் இறங்கியதில்லை.

பாக்கியம் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். வயது ஐம்பத்திரண்டு. பற்கள் எல்லாம் போய், மேலும் கீழும் கழற்றி மாட்டும் செட். மேல் செட்டில் தொந்தரவு இல்லை, அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ் செட் அப்படி நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். நாக்கு ஒரு பக்கம் தள்ளும், கன்னம் ஒரு பக்கம் தள்ளும், உட்கார எலும்பும் இருக்காது. பாக்கியத்தின் கீழ்த்தாடை தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தது. கொழும்பில் வேலை செய்யும் மகள் தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அந்தத் திருகு வச்ச பல்லு கட்டிக் குடுங்க" என்று கூட்டி வந்தாள்.

முன்பக்கத்தில் இடது, வலது என்று தாடை எலும்பில் இரண்டு இம்பிளாண்ட் திருகு வைப்பது, மூன்று மாதம் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளக் காத்திருப்பது, பிறகு சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி செட்டை அவற்றின்மேல் மாட்டுவது. இதுதான் திட்டம். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"வெத்தலைய விடணும் பாக்கியம். இன்னையோட."

"பன்னெண்டு வயசுல பழகினதுங்க."

"அப்ப திருகு வைக்க மாட்டேன்."

அவர் மடியில் இருந்த சின்னத் துணிப்பையை எடுத்து, வாசலில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார். பாக்குவெட்டியை மட்டும் எடுத்து மகளிடம் கொடுத்தார். "இது எங்க அம்மாவோடது, போட மனசு வரல" என்றார். நான் இதை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிற்பாடு மறந்துபோனேன் பாருங்கள், அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

அறுவை நன்றாகவே நடந்தது. இரண்டு வாரம் கீழ் செட்டே வேண்டாம் என்றேன். அப்புறம் பழைய செட்டின் உட்பக்கத்தை இரண்டு இடத்தில் குடைந்து, அது இம்பிளாண்டைத் தொடாதபடி செய்து கொடுத்தேன். கஞ்சி, ரசச் சோறு, அவித்த கிழங்கு, வேறொன்றும் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். குடைந்ததைச் சொன்னேன். ஏன் குடைந்தேன் என்று சொல்லவில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள், எனக்கு அவசரம்.

பத்தாவது வாரம் வந்தார். வலது பக்கம் கல்லாக நின்றது. இடது பக்கத்தைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தார். ஈறு சிவந்து வீங்கியிருந்தது, இம்பிளாண்ட் விரலுக்கு ஆடியது. ஆடினால் முடிந்தது கதை. அதைக் கழற்றி எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையில் அந்தச் சின்னத் திருகைப் பார்த்தவுடன் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"வெத்தல போட்டீங்க, இல்லையா?"

"இல்லீங்க டொக்டரம்மா."

"பொய் சொல்லாதீங்க. எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"சத்தியமா நான் வெத்தல போடலீங்க." வாயில் பஞ்சு இருந்ததால் அது சரியாகக்கூட வெளியே வரவில்லை.

அதுவரை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் அப்போது நீ என்று மாறினேன். தோட்டத்தில் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் என் அப்பாவை மற்றவர்கள் அப்படிக் கூப்பிடக் கேட்டு வயிறெரிந்தவள் நான். "ஒனக்கு எதுக்கு திருகு வச்ச பல்லு? சொன்ன சொல்ல காப்பாத்தத் தெரியல. மகளோட உழைப்பையும் எடுத்து துப்பிட்ட!" என்றேன். கதவு திறந்து கிடந்தது. பெஞ்சில் இருந்தவர்களின் பேச்சு நின்றுபோனது எனக்கே கேட்டது. பாக்கியம் செட்டை மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஹட்டனில் என் பெஞ்சில் உட்காரும் பத்துப் பேரில் ஒருவராவது மற்ற ஒன்பது பேரில் யாருக்காவது சொந்தமாக இருப்பார். அன்றைக்கு அங்கே பாக்கியத்தின் அடுத்த லயத்துப் பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள். ரயில் வட்டகொடை போய்ச் சேர்வதற்கு முன்பே என் பேச்சு போனில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மேசைமேல் கிடந்த செட்டை உள்ளே மெத்தை வைத்துச் சரிபண்ணச் சொல்லி, என் வைத்தியசாலைக்குப் பல் செட் செய்து தருபவரிடம் அனுப்பினேன்; அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். பஜாரில் துணிக்கடைக்கு மேலே சின்ன அறையில் வேலை செய்யும் முஸ்லிம் மனிதர். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டால் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். மறுநாள் அவரே படியேறி வந்தார். அப்படி வருகிற ஆள் இல்லை.

"டொக்டர், இத நீங்க பாத்தீங்களா?" செட்டைக் கவிழ்த்துப் பிடித்தார். "நீங்க கொடஞ்ச எடத்துல நூல் ஈக்கிது. சீலத் துணி நூல்."

இடுக்கியால் எடுத்துக் காட்டினார். நீல நிறத்தில் இரண்டு இழை.

"யாரோ வெத்தல எண்டு சொன்னாங்க," என்றார். பஜாருக்கும் போய்விட்டது பாருங்கள். "வெத்தல போடுற வாயில ஒரு மாசம் கெடந்தா இந்தச் செட்டு என்ன கலர்ல ஈக்கும்? நான் முப்பது வருஷமா அதத்தானே தேச்சிக் கழுவுறேன். இதப் பாருங்க."

பார்த்தேன். நான் குடைந்து, பழைய கறை போகத் தேய்த்துக் கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு கறை இல்லை. நானாவிடம் அனுப்பும்வரை அந்தச் செட்டு என் மேசையில்தான் கிடந்தது. கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நானா போன பிறகு கொஞ்ச நேரம் நாற்காலியில் நோயாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மகளுக்குப் போன் செய்து பாக்கியத்தை வரச் சொன்னேன். நாலு நாள் கழித்து வந்தார். வந்தவர் பெஞ்சில் உட்காராமல் படியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்த நீல நூலைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

அவர் பயந்துகொண்டே சொன்னார். "செட்டுக்குள்ள துணி மடிச்சு வச்சேங்க. நீங்க கொடஞ்சு குடுத்ததுல இருந்து ரொம்ப ஆடுச்சு. கொழுந்துக் கூடைய கட்டுறப்ப கயிறு தலைய அழுத்துனா நாங்க துணி மடிச்சு வைப்போம்ல, அது மாதிரி. எடது பக்கந்தான் கூட ஆடும், அங்க ரெண்டு மடிப்பு."

"ஆடினா கழட்டி வச்சிருக்கலாமே?"

"கழட்டி வச்சா கத்த முடியாதுங்களே."

"எதுக்குக் கத்தணும்?"

அப்போதுதான் தெரிந்தது. அறுவை நடந்து ஒரு மாதத்தில் அவரைக் கங்காணி ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் முதல் பெண் கங்காணி. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருக்கிறார். முப்பது பேரை மலையில் நிரை நிரையாக நிறுத்தி வேலை வாங்க வேண்டும். மேலே ரோட்டில் நின்று கத்தினால் கீழே ஓடைக் கரையில் நிற்பவளுக்குக் கேட்க வேண்டும். கத்துகிறபோது கீழ் செட் எழும்பிப் பல்லோடு பல் இடிக்கும். ஒருநாள் வெளியே வந்தே விழுந்துவிட்டதாம். தேயிலைச் செடிக்குள் கையை விட்டுத் தேடியபோது ஆம்பிளைகள் சிரித்திருக்கிறார்கள்.

என் கார்டில் தொழில் என்ற இடத்தில் கொழுந்து பறித்தல் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட, இப்போது என்ன வேலை, வாயால் நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதில்லை. நான் குடைந்த பள்ளம் இம்பிளாண்டைக் காப்பாற்றுவதற்கு. அது தெரியாத பாக்கியம், தன் வேலையில் பழகின புத்திப்படி, அந்தப் பள்ளத்தைச் சுத்தமான துணியால் அடைத்து, ஒவ்வொரு கத்தலுக்கும் அந்தப் பச்சைக் காயத்தின் மேல் அழுத்தியிருக்கிறார். துணி மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வெற்றிலை காரணமில்லை என்று சத்தியம் செய்வேன்.

"பாக்கியம், நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க," என்றேன்.

"பரவால்லீங்க," என்றார். பிறகு, "லயத்துல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சொன்ன சொல்ல காப்பாத்தாதவ நமக்கு மேல கங்காணியான்னு" என்றார். குறை சொல்லுகிற குரலில் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்து அவர் கேட்டதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். "வலது பக்கத் திருகு நல்லாத்தானே இருக்கு? அதுல மாட்டி விட்டுருங்க டொக்டரம்மா. தொர சொன்ன ஆறு மாசத் தவண முடியிற வரைக்கும் கத்துனா போதும். பெறகு அது போனாலும் பரவால்ல."

நான் செய்திருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன், கை கருவித் தட்டு வரைக்கும் போய்விட்டது. இந்த மனுஷியைப் பத்துப் பேர் கேட்க அவமானப்படுத்தியிருக்கிறேன், கேட்டதையாவது செய்து கொடுப்போமே என்று மனது துடித்தது. அந்தத் துடிப்பு பாக்கியத்துக்காக இல்லை. என் மனது ஆறுவதற்கு நான் தேடிய வழி அது. எலும்பு இன்னும் முழுதாகப் பிடிக்காத ஒற்றை இம்பிளாண்டில், நாள் முழுக்கக் கத்துகிற வாயின் பாரத்தை ஏற்றினால் அதுவும் ஒரு மாதத்தில் கையோடு வரும். தவணை முடிவதற்குள் இரண்டும் இல்லாமல் நிற்பார். கோபத்தில் வைத்தியம் செய்யக் கூடாது என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லித் தருவார்கள். குற்ற உணர்ச்சியிலும் செய்யக் கூடாது. அது கோபத்தைவிட ஆபத்து, ஏனென்றால் அது நல்ல குணம் மாதிரியே இருக்கும்.

"முடியாது பாக்கியம்," என்றேன். இந்தத் தடவை ஏன் என்று சொன்னேன். தாளில் தாடையை வரைந்து, இங்கே காயம், இங்கே திருகு, செட் இங்கே தொட்டால் இப்படி அசையும் என்று காட்டினேன். காயம் ஆற ஒன்றரை மாதம், பக்கத்தில் புதுசு வைத்து மறுபடி மூன்று மாதம். கணக்குப் பார்த்தால் தவணை முடிய ஒரு வாரம் மிஞ்சும். அதுவரை வேலை நேரத்தில் கீழ் செட்டே கூடாது. புது இம்பிளாண்டுக்கு அவர் மகளிடம் எதுவும் வாங்கவில்லை, அதைப் பெரிய தியாகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"தொரைக்கு நான் ஒரு காயிதம் எழுதித் தரவா? வைத்தியம் நடக்குது, கொஞ்சம் பொறுங்கன்னு?"

"வேணாங்க. கங்காணிக்குப் பல்லில்லன்னு காயிதம் போனா, மறுநாளு வேற ஆளப் போட்டுருவாங்க." தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். "நான் பாத்துக்குறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைப் புது இம்பிளாண்ட் வைக்க வந்த அன்று சொன்னார். என்னிடம் வந்து போன மறுநாள், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லாரும் வேலைக்கு நிற்கும்போது, அவர் முன்னால் போய் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். "இந்தா பாருங்க, கீழ ஒண்ணும் இல்ல. பல்லு வர்ற வரைக்கும் என்னால கத்த ஏலாது. நான் கிட்ட வந்துதான் சொல்லுவேன்." ஆம்பிளைகள் சிரித்தார்களா என்று கேட்டேன். "சிரிச்சாங்க. நானே வாயத் தொறந்து காட்டிட்டேன்ல, எம்புட்டு நேரம் சிரிப்பாங்க?" என்றார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நிரை நிரையாக நடந்திருக்கிறார். மற்றக் கங்காணிகள் ரோட்டில் குடை பிடித்து நிற்க, இவர் மேல் நிரையில் ஒருத்திக்குச் சொல்லிவிட்டுக் கீழ் நிரைக்கு இறங்கி, அங்கே முத்தல் இலை எடுப்பவளின் கூடையில் கையை விட்டுக் காட்டிவிட்டு, மறுபடி ஏறுவார். மழைக் காலம் வேறு. ஒவ்வொரு தடவை வரும்போதும் இரண்டு முழங்காலிலும் அட்டை கடித்த புண்கள் கூடிக்கொண்டே போயின. வாய் மட்டும் சுத்தமாக, ரோஜா நிறத்தில் இருந்தது. அந்த வாயைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனது வலித்தது.

வேலை விஷயத்தில் துரைக்கு ஒரு குறையும் இல்லையாம். ஆனால் கடைசி மாதத்தில் கணக்கப்பிள்ளை வந்து சொல்லியிருக்கிறார். "கொழுந்தெல்லாம் சரிதான் பாக்கியம். ஆனா ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையில வேல ஆரம்பிக்குது. அங்க நடந்து போயா சொல்லுவ? சத்தம் வேணும். தொர வந்து நின்னு பாப்பாரு."

அந்தக் கங்காணி வேலை நிரந்தரமாகக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. துரை ரோட்டில் நிற்க, இவர் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, விட்டுப்போன நிரைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போதும் அங்கே பாக்கியம்தான் கங்காணி. ஆனால் எனக்கு மறக்க முடியாதது அதற்கு ஒரு வாரம் முன்னால், செட் மாட்டிய நாள்.

இரண்டு இம்பிளாண்டும் நன்றாகப் பிடித்திருந்தன. செட்டை வைத்து அழுத்தினேன். இடது பக்கம் ஒரு சொடுக்கு, வலது பக்கம் ஒரு சொடுக்கு. பிஸ்கட்டைக் கடிக்கச் சொன்னேன், கடித்தார். பக்கவாட்டில் அசைக்கச் சொன்னேன், அசைத்தார். நீங்களும் இதைத்தான் செய்வீர்கள், புத்தகத்தில் இதுதான் இருக்கிறது. ஆனால் இந்த மனுஷி செட் கேட்டது பிஸ்கட் கடிக்க இல்லையே.

"பாக்கியம், எந்திரிங்க. கத்திப் பாக்கணும்."

"இங்கயாங்க?" வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஆளுக இருக்காங்களே."

பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து மலையில் ஏழெட்டுப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் எவர் என்று தெரியாத தூரம்.

"என்னான்னு கத்துறதுங்க?"

"மலையில என்ன சொல்வீங்களோ, அதையே சொல்லுங்க."

அவர் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்கால் செட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். மூச்சை இழுத்தார்.

"டொக்டரம்மா! நான் வெத்தல போடலீங்க!"

பிள்ளைகளே, அப்படி ஒரு சத்தத்தை நான் என் வைத்தியசாலையில் கேட்டதில்லை. எதிர் மலையில் அத்தனை பெண்களும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கீழே கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். எனக்குப் பின்னால் பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்டது.

பாக்கியம் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் எப்போதும்போல மரியாதையாகத்தான் இருந்தது.

"ஆடவே இல்லீங்க, டொக்டரம்மா."

 அப்போதுதான் புரிந்தது. கதவைத் திறந்து வைத்துத் திட்டியவள், கதவைச் சாத்திவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நாலரை மாதமாக அந்தப் பழியைச் சுமந்துகொண்டு நிரை நிரையாக ஏறி இறங்கியது இவர். நான் ஆளில்லாத அறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அது முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியத்தின் கையைப் பிடித்து முன் அறைக்குக் கூட்டிப் போனேன். கதவை அகலத் திறந்தேன். பெஞ்சில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை, எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"கேட்டீங்கதானே?" என்றேன். "இவங்க சொன்னதுதான் உண்மை. வெத்தல போடல. அன்னைக்கு இதே எடத்துல நான் இவங்களப் பத்திப் பேசினது அத்தனையும் பொய். திருகு போனது என்னோட தப்பாலதான். ஊருக்குப் போயி இதையும் சொல்லுங்க."

 பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஆனால் இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. மூன்று மணி ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் தெருவில் இறங்கிப் போகும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.